ஃபேடரை இறக்கியும் கரகரப்பு போகவில்லையா?
இசைக் கீபோர்டை ஒலி மிக்சரின் மைக் துளையில் செருகியிருக்கிறீர்கள். ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பொத்தானை) இறக்கினால் சத்தம் குறைகிறது, கரகரப்பு போகவில்லை என்கிறீர்கள். ஃபேடர் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். கோளாறு அதற்கு முன்பே, கெயின் குமிழ் இருக்கும் இடத்தில் நடந்துவிடுகிறது. மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். அதை உயர்த்தவே கெயின். கீபோர்டின் லைன் சிக்னல் அதைவிட நூறு மடங்குகூட வலுவாக இருக்கும். அதையும் உயர்த்தினால் அலையின் உச்சி வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். வெட்டுப்பட்டதை ஃபேடரால் ஒட்டவைக்க முடியாது.

கீபோர்டை லைன் இன்புட்டுக்கு, அதாவது லைன் சிக்னலுக்கான துளைக்கு, மாற்றுங்கள். கெயினை முழுவதும் இறக்கிவிட்டு, மேடையில் வாசிக்கும் அதே அழுத்தத்தில் வாசித்தபடி மெல்ல ஏற்றுங்கள் (சோதனையின்போது எல்லோரும் பூப்போலத்தான் வாசிப்பார்கள்!). சிவப்பு விளக்கு மினுங்கினால் சற்றுக் குறையுங்கள். லைன் துளை காலியில்லை என்றால், மைக் துளைக்கு வரும் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபல் பேட் பொத்தான் இருக்கிறதா பாருங்கள்.