பத்தி எழுத்து யாரை அசைக்கிறது?

வணக்கம் ஐயா. ஒரு காலத்தில் ஞாயிறு வந்தால் எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பது பத்திரிகையாசிரியர் ஆதி. குமணனின் கேள்வி-பதில் பக்கத்தைத்தான். அதைப் படித்த பிறகுதான் அப்பா பசியாறுவார். அவர் எழுதினால் சமூகமே கேட்கும் என்பார்கள். ஆனால் 2008 மலேசியப் பொதுத்தேர்தலில் பெரிய ஏடுகளெல்லாம் ஆளும் கூட்டணியான பாரிசானுக்காக எழுதித் தள்ளியும் நம் மக்கள் மாற்றித்தானே ஓட்டுப் போட்டார்கள்? ஏடுகளில் பத்தி (தொடர்ந்து வரும் கருத்துக் கட்டுரை) எழுதுபவர்களுக்குச் செல்வாக்கு உண்டு என்பதே அவர்கள் கட்டிவிட்ட கதையோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

2008-ஐ நீங்கள் இழுத்தது நல்லது. அந்தத் தேர்தலுக்கு நாலைந்து மாதம் முன்புதான், தீபாவளி நெருங்கும் நேரத்தில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை உடைத்தார்கள். நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணி. கண்ணீர்ப் புகையில் நின்றுவிட்டு வந்த மகன் வீட்டில் உட்கார்ந்து சொன்ன சேதிக்கு முன்னால் எந்தத் தலையங்கம் நிற்கும்? மார்ச் 8 தேர்தலில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தன் தொகுதியான சுங்கை சிப்புட்டிலேயே தோற்றார். தமிழ் நேசன் நாளேடு அவர் குடும்பத்தார் கையில்தான் இருந்தது. அது ஒன்றும் உதவவில்லை.

ஆனால் இதை வைத்துப் பத்திக்குப் பலமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நாம் பட்டு அறிந்த விஷயத்தில் பத்தி தோற்கும். நாம் எட்டிப் பார்க்காத விஷயத்தில் பத்தி சொன்னதுதான் நமக்குத் தெரிந்தது என்றாகிவிடும். அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வரிமுறை, பருவநிலை மாற்றம் போன்றவை பற்றி நாளிதழில் வந்த கருத்துக் கட்டுரை ஒன்றே ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தவர்களின் கருத்து கட்டுரையின் பக்கம் நகர்ந்தது, ஒரு மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த நகர்வு மிச்சம் இருந்தது. சாதாரண வாசகர்கள் மட்டுமல்ல, கொள்கை வகுக்கும் வட்டாரத்தில் இருப்பவர்களும் நகர்ந்தார்கள்.

ஏடு வாங்காதவனிடமும் அது போய்ச் சேரும். நான் சிறுவனாக இருந்தபோது நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்டில் பார்த்திருக்கிறேன். மளிகைக் கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், ரப்பர் மரம் வெட்டு முடிந்து வந்தவர்கள் சுற்றிக் குந்தியிருப்பார்கள். ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு நிறுத்துவார். அச்சில் உள்ள பதிலுக்கு முன்னால் தன் பதிலைச் சொல்வார், பிறகு ஏட்டில் இருப்பதைப் படிப்பார். இரண்டும் சேர்ந்துதான் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, போகும். எது எழுதியவர் சொன்னது, எது படித்தவர் சொன்னது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் ஒஹாயோவில் கண்டதும் இதுதான்: ஏட்டின் கருத்து முதலில் நம்மிடையே அதிகம் படிக்கும் ஒருவரிடம் வருகிறது, அவர் வழியாகத்தான் மற்றவர்களுக்கு இறங்குகிறது. ஆதி. குமணன் அந்தப் பெஞ்சுக்காரரை மதித்து எழுதினார் என்பதே என் கணிப்பு.

அரசுக்கு இது எப்போதோ தெரியும். 1984 அச்சகச் சட்டப்படி ஒவ்வோர் ஏடும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012-இல்தான் அது நீங்கியது. பினாங்கில் பிறந்த ஸ்டார் நாளிதழில் துங்கு அப்துல் ரஹ்மான் வாராவாரம் பத்தி எழுதிவந்தார். 1987 அக்டோபரில் அரசு பலரைக் கைது செய்த லாலாங் நடவடிக்கையில் அந்த ஏட்டின் உரிமம் பறிபோனது. மறு ஆண்டு மார்ச்சில் ஏடு திரும்பியது, துங்குவின் பத்தி திரும்பவில்லை. நாட்டின் முதல் பிரதமர் அவர்! பத்தி வெறும் காகிதம் என்றால் இவ்வளவு பயம் எதற்கு?

இப்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை ஒற்றுமையைக் கெடுக்கின்றன, மூட வேண்டும் என்று மலாய் ஏடுகளில் அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை அல்ல என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அதைப் படிக்கும் கோத்தா பாரு வாசகர் தமிழ்ப்பள்ளி வாசலை மிதித்திருக்க மாட்டார். அவருக்கு அந்தப் பத்திதான் தமிழ்ப்பள்ளி. நாமோ பதிலைத் தமிழில் எழுதி, தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களே படிக்கும் ஏட்டில் போட்டுவிட்டுத் திருப்தியடைகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மலாயில் நன்றாக எழுதக்கூடிய தமிழாசிரியர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். கண்டனம் வேண்டாம், தங்கள் வகுப்பைப் பற்றி எழுதட்டும். எத்தனை பிள்ளைகள், காலையில் தேசிய கீதமான நெகாராகூ பாடிவிட்டு என்ன படிக்கிறார்கள், மலாய்ப் பாடத்தில் எங்கே தடுமாறுகிறார்கள், அதற்கு என்ன செய்கிறோம் என்று. அனுப்பும் முதல் கட்டுரை வராமல் போகலாம். அடுத்த வாரம் இன்னொன்று அனுப்ப வேண்டும். உங்கள் பக்கம் அப்படி யாராவது இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், வரைவைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன்.

அன்புடன்