பாரோவை அம்மா தள்ளிவிடுகிறாரா?

வணக்கம். மறதிநோய் உள்ள உங்கள் அம்மா, சீல் குட்டி வடிவ பாரோ ரோபோவை மடியில் வைத்ததும் அடித்துத் தள்ளுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதன் எடை சுமார் 2.7 கிலோ, மெலிந்த தொடைக்கு அது பாரம்தாங்க. மேசையில் துண்டு விரித்து, அதன் முகம் அம்மாவைப் பார்க்கும்படி வையுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள், சத்தம் கேட்ட பக்கமெல்லாம் அது திரும்பும். முதலில் நீங்கள் தடவுங்கள். அம்மாவின் கை தானாக நீளட்டும். 15 நிமிடம் போதும்.

தடவினால் அதற்குச் சற்றுமுன் செய்ததைத் திரும்பச் செய்யும். அடித்தால் சற்றுமுன் செய்ததைத் தவிர்க்கப் பழகும். அதனால் அம்மா கோபப்பட்டால் உடனே பாரோவின் சுவிட்சை நிறுத்தி எடுத்துவிடுங்கள். சார்ஜர் சூப்பான் மாதிரி பாரோவின் வாயில் பொருந்தும். அதை அம்மா கையால் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், குழந்தை வளர்த்த கைக்கு அது பழகிய வேலை. அப்போதும் பிடிக்கவில்லையென்றால் தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம்.