பேக்கேஜுக்கு ஒரு பைல்: கேட்ட கேள்விகளுக்கு மொத்தமா பதில்

வேலந்தாவளம் பக்கம் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேங்க, 14 சிஸ்டம், எல்லாமே டெபியன்ங்கற லினக்ஸ். எதுல என்ன சாப்ட்வேர் (லினக்ஸ்ல பேக்கேஜ்னு சொல்றது) இருக்கணுமோ அந்தப் பேர்ல ஒரு போல்டர்ல பைல் போட்டா போதும், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகள வரிசையா எழுதி வெச்ச பைல்) அதப் பாத்து இன்ஸ்டால் பண்ணும், பைல் இல்லேன்னா தூக்கிரும். இத வெளிய சொன்னதுல இருந்து ஆளாளுக்கு கேள்வி.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்: சாப்ட்வேர் ஏத்தறதுக்கு ஆப்ட் கமாண்ட் இருக்கறப்ப இது எதுக்குக்கா?

டீச்சர், கமாண்ட் அடிச்சா வேல முடிஞ்சுரும், ஆனா ஏன் அடிச்சோம்னு ஆறு மாசம் கழிச்சு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. பைலா இருந்தா எல்எஸ் போட்டா லிஸ்ட், கிரெப் போட்டா தேடல், மாத்தறத எல்லாம் பதிவு பண்ற கிட்ல (git) வெச்சா யாரு எப்ப சேத்தாங்கன்னு வரைக்கும் தெரியும், புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம். நான் கண்டுபிடிச்சதும் இல்லைங்க இது. 1993ல வந்த ஸ்லாக்வேர்ங்கற லினக்ஸ் பேக்கேஜுக்கு ஒரு டெக்ஸ்ட் பைல்னு தான் கணக்கு வெக்குது. டெபியன்ல ஆப்ட்டுக்கு அடில வேல செய்யற டிபிகேஜிக்கும் (dpkg) ஸ்டேட்டஸ்ங்கற ஒரு டெக்ஸ்ட் பைல் தான் பேரேடு. உங்க ஸ்கூல்ல இருக்கற கைட் லினக்ஸ் உபுண்டு வழி தான, உபுண்டு டெபியன் வழி, அந்த ஸ்டேட்டஸ் பைல அதுலயே லெஸ் கமாண்ட் போட்டு படிச்சுப் பாருங்க.

கோபாலபுரம் தம்பி: பைல அழிச்சா பேக்கேஜும் போயிருமா? கை தவறி அழிச்சுட்டா?

போயிரும் கண்ணு, நான் பட்டிருக்கேன். ஒரு நாள் அந்த போல்டர பென்டிரைவ்ல இருந்து காப்பி பண்றப்ப பாதில கரண்ட் போச்சு, திரும்ப வந்தப்ப போல்டர்ல பாதி பைல் தான், ஸ்கிரிப்ட்டு மிச்சதெல்லாம் வேண்டாம் போலன்னு நெனச்சுட்டு லிப்ரே ஆபீஸ் மொதக்கொண்டு தூக்கிருச்சு, மத்தியானம் டைப்பிங் கிளாஸ் வேற.

தப்பு என்னன்னா வேணுங்கறதையும் இருக்கறதையும் நான் ஒண்ணாப் பாத்தது. தேங்கா மண்டில ஆர்டர் சீட்டு வேற, லாரில ஏத்துன கணக்கு வேற இல்லையா? இப்ப 'வேணும்', 'இருக்கு'ன்னு ரெண்டு போல்டர். மொதல்ல நம்ம எழுதறது, ரெண்டாவதுல ஸ்கிரிப்ட் மட்டும் எழுதும். ஒரே நேரத்துல 3க்கு மேல தூக்கச் சொன்னா நின்னு கேக்கும். ஆல்பைன் லினக்ஸ்ல வேர்ல்டுன்னு ஒரு பைல் இருக்கு பாருங்க, அதுவும் நம்ம கேட்டத மட்டும் தான் வெக்கும், அது ஓடறதுக்குத் தேவைன்னு கூட வர்ற டிபென்டன்சி பேக்கேஜ் எதுவும் அதுல ஏறாது. அது ரொம்ப முக்கியம், இல்லேன்னா லிஸ்ட் 40ல இருந்து 400 ஆயிரும், எது நம்ம கேட்டதுன்னே தெரியாது.

சித்தூர்ல இருந்து ஒருத்தர்: வெர்ஷன பைல் பேர்லயே போடலாமா?

வேண்டாங்க. பேக்கேஜ் பேர்லயே நடுவுல கோடு வரும், அப்பறம் பேரு எங்க முடிஞ்சு வெர்ஷன் எங்க ஆரம்பிக்குதுன்னு குழப்பம். ஸ்லாக்வேர் பைல் பேர்ல பேர், வெர்ஷன், ஆர்க்கிடெக்சர் (எந்த வகை ப்ராசசருக்கு), பில்டுன்னு நாலும் கோடு போட்டு தான் இருக்கும், கடைசில இருந்து எண்ணி தான் பிரிக்கணும். பைல் பேரு பேக்கேஜ் பேரா இருக்கட்டும், உள்ள ஒரே வரி வெர்ஷன். காலியா இருந்தா எது வந்தாலும் சரி.

பொள்ளாச்சி காலேஜ் பையன்: எழுதிட்டு இருக்கறப்பவே ஸ்கிரிப்ட் படிச்சுட்டா?

நல்ல கேள்வி. வேற பேர்ல எழுதி, எப்சிங்க் பண்ணி (எழுதுனத டிஸ்க்ல உறுதியா ஏத்தறது), அப்பறம் ரீநேம் பண்ணு. ரீநேம் ஒரே வீச்சுல நடக்கும், படிக்கறவனுக்கு பழசு முழுசா கெடைக்கும் இல்லேன்னா புதுசு முழுசா கெடைக்கும், பாதி கெடைக்காது. ஆனா ரெண்டும் ஒரே பைல் சிஸ்டத்துல இருக்கணும், டெம்ப் போல்டர் தனி பார்ட்டிஷன்ல இருந்தா ரீநேம் பண்ற எம்வி கமாண்ட் உள்ளுக்குள்ள காப்பி தான் பண்ணும். எடிட்டர் விட்டுட்டுப் போற, பேரு புள்ளில ஆரம்பிக்கற பைல், பேரு கடைசில வளைஞ்ச கோடு (~) இருக்கற பைல் எல்லாத்தையும் ஸ்கிப் பண்ணிரு. டெபியன்ல ஒரு போல்டர்ல இருக்கற ஸ்கிரிப்ட்ட எல்லாம் ஓட்டற ரன்பார்ட்ஸும், பைல் பேர்ல புள்ளி இருந்தாலே கண்டுக்காது, இப்படி விட்டுப்போன பைல ஓட்டிரக் கூடாதுன்னு தான்.

அதே பையன்: ப்யூஸ் (நம்மளே பைல் சிஸ்டம் எழுதற வழி) போட்டு, லினக்ஸோட ப்ராக் போல்டர் மாதிரி, எழுதுனதுமே வேல நடக்கற போல்டர் பண்ணலாமே?

ஆச எனக்கும் வந்துச்சு சாமி. எக்கோ கமாண்ட்ல அந்த பைலுக்குள்ள ஒரு வரி எழுதுனா இன்ஸ்டால் ஆகும், பாக்க அழகா இருக்கும். ஆனா இன்ஸ்டால் 4 நிமிஷம் ஓடுனா அந்த எக்கோ அங்கயே தொங்கும், தப்பானா வெறும் எரர் நம்பர் தான் திரும்பி வரும், எந்த பேக்கேஜ் எதோட சண்டைங்கறத அதுக்குள்ள எப்படி சொல்லுவ? அதனால என் ஸ்கிரிப்ட் தோத்துப்போனா 'தப்பு' போல்டர்ல அதே பேர்ல ஒரு பைல் போட்டு ஆப்ட் சொன்னத அப்படியே எழுதிரும். கேட் கமாண்ட் போட்டு படிச்சா முடிஞ்சுது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் மறுபடி: ஸ்கிரிப்ட் எவ்வளவு பெருசுக்கா?

90 வரி. அதுல பாதி அந்த லிப்ரே ஆபீஸ் சம்பவத்துக்கு அப்பறம் சேத்தது.