பதில்: மணாலியில் இறங்கிய மறுநாளே பிருகு ஏரி ஏறலாமா?

பெசன்ட் நகர் கடற்கரையில் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், ஜூனில் இமாச்சலப் பிரதேசத்து மணாலி போய் இறங்கிய மறுநாளே பக்கத்து மலைமேல் இருக்கும் பிருகு ஏரிக்கு ஒரே நாளில் போய்வர அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கால்களுக்குப் போதும். சிக்கல் காற்றில் இருக்கிறது.

மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். ஏரி 4,200 மீட்டருக்கும் மேல். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீத ஆக்சிஜன்தான் கிடைக்கும். உடம்பு இதற்குப் பழக நாள் வேண்டும். ஓட்டப் பயிற்சி அந்த நாளைக் குறைக்காது. நன்றாக ஓடுகிறவர்கள் வேகமாக ஏறித் தலைவலியோடு உட்கார்ந்துவிடுவதும் உண்டு. நானே அப்படி ஒருமுறை உட்கார்ந்தவன்தான்!

அதனால் மணாலியில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். இடையில் ஒரு நாள் பக்கத்து வசிஷ்ட் கிராமம் வழியாக ஜோகினி அருவிவரை நடந்து வாருங்கள். ஏறும் நாளில் விடியுமுன்பே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். அப்புறம் மேகம் கூடிவிடும். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் ஏரி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மலை உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

ஜூனில் ஏரியைச் சுற்றிப் பனி கிடக்கலாம். கருப்புக் கண்ணாடி கட்டாயம். நம்மூர் வெயில் பழகியவர்களுக்கும் பனியில் பட்டுத் திரும்பும் வெயில் மூக்கை உரித்துவிடும்.

படியேறிப் பழக பரங்கிமலை நல்ல இடம், முதுகில் பையோடு ஏறிப் பாருங்கள்.