சுருட்டை முடிக்காரங்களுக்கு குளிர்கால குல்லா: கேட்டீங்க, சொல்றேன்

குளிர் ஆரம்பிச்சாலே சுருட்டை முடிக்காரங்க கிட்ட இருந்து வர்ற கேள்வியெல்லாம் குல்லாவ பத்திதான். திரும்பத் திரும்ப வந்ததுல சிலதுக்கு மட்டும் இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: எந்த குல்லா வாங்கினாலும் கொஞ்ச நேரத்துல மேல ஏறி ஏறி, கடைசில உச்சந்தலையில உக்காந்துக்குது. என் தலை பெருசா, இல்ல முடிதான் பிரச்சனையா?

ரெண்டும் இல்லங்க, அளவுதான் பிரச்சனை. குல்லா அளவெல்லாம் மண்டை ஓட்டுக்கு போட்டது, பெரியவங்களுக்கு பொதுவா 56ல இருந்து 58 சென்டிமீட்டர்னு வச்சு தைப்பாங்க, அதுல நம்ம முடியோட கனத்துக்குன்னு யாரும் தனியா இடம் விடுறதில்ல. அதனால முடிய எப்படி விட்டுக்கிட்டு வெளிய போவீங்களோ அப்படியே விட்டு, புருவத்துக்கு மேல, காதுக்கு மேல, பின்மண்டை சுத்தி டேப் வச்சு அளந்து பாருங்க. சுத்தளவு மட்டும் பத்தாது, ஆழமும் வேணும், பின்னாடி தொளதொளன்னு தொங்குற மாதிரி பீனி (நூல்ல பின்னின, விளிம்பு இல்லாத குல்லா) நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். இன்னொன்னு, உச்சில கொண்டை போட்டுட்டு அதுக்கு மேல குல்லா மாட்டினா கொண்டையே அத மேல தள்ளிடும். கழுத்துகிட்ட லூசா ஒரு போனிடெயில், இல்லைன்னா ரெண்டு தளர்வான பின்னல். உச்சிக் கொண்டைய விட மனசே வரலைன்னா மேல ஓட்டை வச்ச பீனி கிடைக்குது, அத வாங்கிக்கோங்க.

கேள்வி: உல்லன் குல்லா போட ஆரம்பிச்சதுல இருந்து நெத்தி ஓரத்துலயும் பிடரிலயும் முடி துண்டு துண்டா உடையுது. ஏன்?

உரசல்! சுருட்டை முடியில தலையோட எண்ணெய் அந்த வளைவெல்லாம் தாண்டி நுனி வரைக்கும் சரியா இறங்காது, அதனால நுனி எப்பவுமே காய்ஞ்சுதான் இருக்கும். குளிர்காலத்துல வெளிய வறண்ட காத்து, உள்ள ஹீட்டர், இதுக்கு நடுவுல கம்பளி வேற ஈரத்த உறிஞ்சிக்கிட்டு தலைய திருப்பும்போதெல்லாம் தேய்ச்சிட்டே இருந்தா உடையாம என்ன பண்ணும்? உள்பக்கம் சாட்டின் இல்ல பட்டு லைனிங் வச்ச குல்லாவா வாங்குங்க. வாங்கும்போது குல்லாவ உள்பக்கமா திருப்பி பாருங்க, இதுதான் முக்கியம், ஏன்னா நிறைய குல்லாவுல லைனிங் மேல மட்டும்தான் இருக்கும், மடிச்சு விடுற ஓரத்துக்கு ரெண்டு விரல் முன்னாடியே நின்னுடும், நெத்தி முடி உரசுறதே அந்த ஓரத்துலதான். ஏற்கனவே இருக்கிற குல்லாவ தூக்கி போட வேணாம், ஒரு சாட்டின் ஸ்கார்ஃப கட்டிக்கிட்டு அது மேல போட்டா போதும். நெத்தி ஓரத்துல முடி உடையாம வேரோட கழண்டு வழுக்கையா தெரிஞ்சா அது வேற விஷயம், இறுக்கமான பின்னலாலயும் அப்படி ஆகும். உடனே பின்னல தளர்த்திட்டு தோல் டாக்டர பாருங்க, நாள் கடத்தினா திரும்ப முளைக்காமலே போகலாம்.

கேள்வி: ஈரத்தலையோட குல்லா போட்டா சளி பிடிக்குமா?

சளி வர்றது வைரஸால, ஈரத்தலையால இல்ல. ஆனாலும் போடாதீங்க. நனைஞ்ச முடி பலமில்லாம இருக்கும், சீக்கிரம் அறுந்துடும், உள்ளயே புழுங்கி தலை அரிக்கவும் செய்யும்.

கேள்வி: கழட்டினதும் மேல சப்பையா, கீழ புஸ்ஸுன்னு முக்கோணமா நிக்குது. ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு என்ன பண்றது?

முடி ஈரமா இருந்து காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துல செட் ஆகிடும், அரைகுறையா காய்ஞ்ச தலைல குல்லா போட்டா அந்த சப்பை சாயங்காலம் வரைக்கும் போகாது. அதனால முழுசா காய வச்சுட்டு கிளம்புங்க. போடுறதுக்கு முன்னாடி வகிட எதிர்பக்கமா மாத்தி போட்டுக்கிட்டு, கழட்டினதும் பழைய பக்கத்துக்கு தள்ளி விடுங்க, வேர் தானா தூக்கி நிக்கும். கழட்டும்போது வெடுக்குன்னு பின்னாடி இழுக்காம, ஓரத்த ரெண்டு கையால விரிச்சு நேரா மேல தூக்குங்க. அப்புறம் விரல தண்ணில நனைச்சு வேர்கிட்ட லேசா தடவி, தலைய குனிஞ்சு கையால கசக்கி விட்டா சரியாகிடும். அங்க போய் சீப்ப மட்டும் எடுத்துடாதீங்க ப்ளீஸ்.

கேள்வி: குல்லாவ எடுத்தா முடி சடசடன்னு மின்சாரம் அடிச்ச மாதிரி நிக்குது.

வறண்ட காத்து, வறண்ட முடி, அதோட குல்லாவுல இருக்கிற அக்ரிலிக்ங்கிற செயற்கை நூல். முடில ஈரப்பதம் இருந்தா இந்த சார்ஜ் தங்காது, லீவ்-இன் கண்டிஷனர் (தடவிட்டு கழுவாம அப்படியே விடுறது) கொஞ்சமா கைல தேய்ச்சு மேலாக்க தடவுங்க.

கேள்வி: எனக்கு குல்லாவே வேணாம், காத மூடுற ஹெட்பேண்ட் மட்டும் போதுமா? பாதி சூடு தலை வழியாத்தான் போகுதுன்னு வீட்ல பயமுறுத்துறாங்க.

அது கட்டுக்கதை. பெரியவங்களுக்கு தலை வழியா போறது மொத்த சூட்டுல சுமாரா பத்துல ஒரு பங்குதான், உடம்போட பரப்புல தலைக்கு இருக்கிற பங்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பக்கத்துல எங்கயாவது போயிட்டு வர ஹெட்பேண்ட் தாராளமா போதும், அகலமா இருக்கணும், காது முழுசா மூடணும். பனி கொட்டும்போதோ காத்து அடிக்கும்போதோ ரொம்ப நேரம் நிக்கணும்னா மட்டும் அது மேல பெரிய ஹூட் ஒன்ன இழுத்து விட்டுக்கோங்க, அதுக்கும் உள்ள சாட்டின் லைனிங் இருக்கான்னு பார்த்துட்டு.