லா படிக்காதவங்க போடலாமா?

கேள்வி: அரசோட நுகர்வோர் பாதுகாப்பு சட்ட ஆபீஸ்ல ஸ்டூடண்ட் அசிஸ்டெண்ட் எடுக்குறாங்களாம். நான் காமர்ஸ் படிக்கிறேன், அப்ளை பண்ணலாமா? அங்க என்னதான் வேலை?

பதில்: அறிவிப்புல சட்ட மாணவர் மட்டும்னு போடலேன்னா தாராளமா போடுங்க. கோர்ட்ல வாதாடுற கனவோட போனா ஏமாந்துடுவீங்க, பெரும்பாலும் வர்ற புகாரைப் படிச்சு, பில், வாரண்டி கார்டு, கடைக்காரர் அனுப்பின மெயில் எல்லாம் இருக்கான்னு பாத்து, ஸ்கேன் பண்ணி தேதி வரிசையில அடுக்குறதுதான். அலுப்பாதான் இருக்கும், ஆனா ஒரே கம்பெனி மேல ஒரே மாதிரி புகார் திரும்பத் திரும்ப வருதேன்னு ஃபைல் அடுக்குற உங்க கண்ணுலதான், வக்கீல் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே பட வாய்ப்பு இருக்கு, விட்டுடாதீங்க, உடனே அவர்கிட்ட சொல்லுங்க.

போன்ல "நான் ஜெயிப்பேனா"ன்னு அழுதுகிட்டே கேப்பாங்க. பாவமா இருந்தாலும் பதில் சொல்லக்கூடாது, சட்ட ஆலோசனை வக்கீல் வேலை, விவரத்தைக் குறிச்சுக்கிட்டு போனை வக்கீல்கிட்ட மாத்திவிடுங்க. புகார் கொடுத்தவங்க பேரை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கூட உளறாதீங்க.

இன்டர்வியூக்கு ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க: 1962 மார்ச் 15ல அமெரிக்க அதிபர் கென்னடி சொன்ன நுகர்வோரோட நாலு உரிமை, அதாவது பாதுகாப்பு, தகவல், பிடிச்சதைத் தேர்ந்தெடுக்கறது, நம்ம குரலைக் கேக்கணும்ங்கறது. மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை தினமானதும் அதனாலதான்.

பரீட்சை சமயத்துல லீவு கிடைக்குமான்னு சேரும்போதே கேட்டுடுங்க, சம்பளத்தையும் சேத்துதான், வெக்கப்படாதீங்க.