ஃபைபர் காருக்குச் சுத்தியல் எதற்கு?

கோவாவில் தயாரான பழைய சான் ஸ்டார்ம் கார் வைத்திருக்கிறேன். கேட் தூணில் உரசி முன் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் பேனல்) ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தெருமுனை டிங்கர், "தட்டிப் பட்டி பார்த்துவிட்டால் தெரியவே தெரியாது, நாலாயிரம்" என்கிறார். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம். அந்தக் காரின் உடம்பு ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழையும் ரெசின் என்ற பசையும் சேர்ந்து இறுகியது. அடிபட்டால் தகரம் நசுங்கும், இது விரியும். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தலாம். விரிந்ததைத் தட்டினால் விரிசல் இன்னும் ஓடும். மேலே பட்டியை அப்பினாலும் அடியில் இரண்டு விளிம்பும் தனித்தனியாக ஆடிக்கொண்டுதான் இருக்கும். நாலு வேகத்தடை தாண்டினால் பெயிண்டில் கோடு எட்டிப் பார்க்கும்.

சக்கரத்தைக் கழற்றி, ஃபெண்டரின் உள்பக்கச் சேற்றைக் கழுவி, விரிசலின் இருபுறமும் நீளமான சரிவாகத் தேய்க்க வேண்டும். பேனல் மூன்று மில்லிமீட்டர் கனம் என்றால் சரிவு மூன்றரை சென்டிமீட்டராவது போக வேண்டும். பிறகு மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் அடுக்கடுக்காக. பட்டி கடைசியில், மெலிதாக. "உள்பக்கம் என்ன செய்வீர்கள்?" என்று டிங்கரிடம் கேளுங்கள். முழித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காசிமேட்டில் ஃபைபர் போட் பழுது பார்க்கும் மேஸ்திரியிடம் கொடுத்தால் பாதிச் செலவில் முடியும் என்கிறார் நண்பர். போட்டும் காரும் ஒன்றா? (சென்னை வாசகர்)

கையால் மேட் போட்டுச் செய்த பேனல் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு மேஸ்திரி வேலை செய்வதை அரை நாள் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்), வெயிலைப் பார்த்துக் கூட்டிக் குறைத்தார். வெள்ளை மேட் ரெசினைக் குடிக்கக் குடிக்கக் கண்ணாடி மாதிரி ஆனது. ஓர் ஓரத்தில் வெள்ளை அப்படியே நின்றது. உருளையை அங்கேயே நாலு தடவை ஓட்டிக் குமிழை வெளியே தள்ளினார். பெரிய ஷோரூம்களில்கூட இந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.

ஆனால் பெயிண்டை அவரிடம் விடாதீர்கள். கார்பன் ஃபைபர் பேனலையும் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் எபாக்ஸி என்ற வேறு ரெசினில் செய்தது. போட் வேலைக்கான பாலியஸ்டர் ரெசின் அதில் சரியாகப் பிடிக்காது.

வீடியோ காலில் பார்த்து ஃபைபர் பாடி கார் வாங்கினேன். ஃபைபர் துருப்பிடிக்காதே என்று ஆள் வைத்துப் பார்க்கவில்லை. இப்போது பானெட் முழுக்க முடி போலக் கோடுகள். பணம் திரும்பக் கிடைக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

பாடி துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், அதையாவது பார்த்தீர்களா? "அடிபடாத வண்டி" என்று விற்றவர் எழுத்தில் சொல்லியிருந்தால் வழி உண்டு, இல்லாவிட்டால் கஷ்டம்.

ரொம்பத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒரு முறை ட்யூப்லைட் வெளிச்சத்தில், பளபளப்பில் மயங்கி, இப்படி ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுத்தேன். மறுநாள் வெயிலில் பார்த்தால் கதவில் சிலந்தி வலை மாதிரி விரிசல். காந்தம் வைத்துப் பட்டியைக் கண்டுபிடிக்கும் வித்தையும் இங்கே பலிக்காது. ஃபைபரில் காந்தம் எங்குமே ஒட்டாது. ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்பது சட்டென்று மந்தமாகக் கேட்டால், அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம், அல்லது கெட்டியாகப் பட்டி இருக்கலாம்.

விபத்தில் முன்பக்க ஃபைபர் பேனல் போய்விட்டது. புதியது 80,000 ரூபாய். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) எடுக்கவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் "பிளாஸ்டிக் பாகம்" என்று 50 சதவீதம் கழித்துவிட்டார். இது சரியா? (மதுரை வாசகர்)

இல்லை. எனக்கு ரத்தம் கொதிக்கும் விஷயம் இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மோட்டார் பாலிசியில் தேய்மானக் கழிவு பொருளைப் பொறுத்தது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உங்கள் பாலிசியிலேயே இது அச்சாகியிருக்கும். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை என்பதில்தான் பிழைப்பு நடக்கிறது. உங்களுக்கு 24,000 கழித்திருக்க வேண்டும், 40,000 கழித்திருக்கிறார்கள். ஒரே வார்த்தையில் 16,000 ரூபாய் காணாமல் போனது.

தப்பு பாதி ஒர்க்‌ஷாப்பில் தொடங்குகிறது. எஸ்டிமேட் போடும் பையன் "பம்பர் பிளாஸ்டிக்" என்று பழக்கத்தில் தட்டிவிடுகிறான், சர்வேயர் அதையே பிடித்துக்கொள்கிறார். எஸ்டிமேட்டில் "ஃபைபர் கிளாஸ்" என்று எழுதி வாங்குங்கள். மாற்றாமல் பழுதே பார்ப்பதானால் கூலியையும் பொருளையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். இந்த வேலையில் மேட்டும் ரெசினும் சொற்பம், கூலிதான் பெரிது. கூலிக்குத் தேய்மானம் கிடையாது.

இப்போதைக்கு, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் (இந்தப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்தைத் தாண்டவிடாதீர்கள்.

ஆன்லைனில் 3,500 ரூபாய்க்குக் "அசல் கார்பன் ஃபைபர்" பானெட் ஸ்கூப். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

அது கார்பன் இல்லை, கார்பன் மாதிரித் தெரியும் ஸ்டிக்கர். என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, ஓரம் உரிந்துவிட்டது. வேண்டுமானால் சும்மாவே தருகிறேன்.

பின் பேனலைப் பழுது பார்த்துப் பெயிண்ட் அடித்து 38,000 வாங்கினார்கள். மூன்றே மாதத்தில் மேட்டின் இழை பெயிண்டுக்கு மேலே தெரிகிறது. "வெயிலில் நிறுத்தினீர்கள், அதனால்தான்" என்கிறார்கள். (சேலம் வாசகர்)

காரை வெயிலில் நிறுத்தாமல் பீரோவிலா வைப்பது? ரெசின் முழுசாக இறுகுவதற்குள் அவசரமாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பிறகு அது சுருங்கச் சுருங்க இழை மேலே தெரிகிறது. உங்கள் தப்பு எதுவும் இல்லை.

காலை வெயிலில், சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். பில்லோடு சேர்த்து, 15 நாளில் இலவசமாகச் சரிசெய்து தரும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. வேறு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துத் தேய்த்துவிட மட்டும் வேண்டாம், சாட்சி அந்தப் பேனல்தான்.